மஞ்சள் இலைக்கு யார் துணை?

ஒரு செடியின் இலை மஞ்சளாக இருந்தால் நாம் முதலில் என்ன நினைப்போம்? பாவம், செடிக்கு ஏதோ நோய் என்றுதான் நினைப்போம். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழ் இலைகள் வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து போதவில்லை. உடனே உர மூட்டையைத் தேடுவோம்.

ஆனால் பிறவியிலேயே மஞ்சள் கலந்த பச்சை இலையோடு பிறக்கும் செடிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு நோய் எதுவும் இல்லை. அந்த நிறத்துக்காகவே ஆசையோடு வாங்கி வளர்க்கிறார்கள். இப்படிப்பட்ட செடியை வாங்கி வந்து வாசலில் வைத்தவர்களுக்கு ஓர் அனுபவம் கட்டாயம் ஏற்பட்டிருக்கும். நர்சரியில் பளிச்சென்று கண்ணைப் பறித்தது, நம் வீட்டுக்கு வந்ததும் சோகை பிடித்ததுபோல் நிற்கும். பக்கத்து வீட்டு அக்காள் வேலியோரம் வந்து, "என்னாம்மா, உரம் போடலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். செடி அதே செடிதான். பக்கத்தில் நிற்கும் செடிதான் வேறு. மஞ்சள் பச்சை இலையைப் பொறுத்தவரை, அது அழகா நோயா என்பதைத் தீர்மானிப்பது அதன் பக்கத்தில் நாம் எதை நடுகிறோம் என்பதுதான். இதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

என் வாசலில் இருப்பது சர்க்கரைவள்ளிக் கொடியில் ஓர் அழகு வகை. நர்சரிக்காரர்கள் 'மார்கரிட்டா' என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். நாம் பசாரில் 'கெலெடெக்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கிழங்கின் சொந்தத் தங்கை. கங்கோங் கீரைக்கும் இது பங்காளிதான். இதயம் போன்ற இலை. நல்ல வெயிலில் நட்டால் எலுமிச்சம்பழ நிறம், நிழலில் நட்டால் சாதாரணப் பச்சைக்கு இறங்கிவிடும். இலையில் பச்சையம் குறைவு. அதனால் எல்லா இலைகளிலும் மறைந்து கிடக்கும் மஞ்சள் நிறம் இதில் வெளியே தெரிகிறது, அவ்வளவே. உறைபனி விழும் நாடுகளில் இது ஒரே பருவத்தோடு செத்துப் போகும், ஆண்டுதோறும் புதிதாக நட வேண்டும். நம் நாட்டிலோ ஒருமுறை மண்ணைப் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒரு சாண் கொடியைக் கிள்ளி, இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும், ஒரு வாரத்தில் வேர் விட்டுவிடும்.

இதை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் அத்தை (என் கணவரின் தாயார்) சிரித்தார். "திங்கிற கெழங்க அழகுக்கு நடுற காலம் வந்துடுச்சா?" என்றார். அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து இறங்கியதிலிருந்து 1945 வரை, அரிசி கிடைக்காமல் நம் மக்கள் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் அவித்துத் தின்று உயிர் பிழைத்தார்கள். அந்தக் கதைகளைத் தம் தாயாரிடம் கேட்டு வளர்ந்தவர் அத்தை. என் கொடியிலும் கிழங்கு இறங்கும். தின்றால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் வாயில் வைக்க முடியாத சப்பு. அத்தை ஒருமுறை அவித்துப் பார்த்துவிட்டுக் கோழிக்குப் போட்டார்.

சரி, இந்தச் செடிமேல் எனக்கு அப்படி என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அக்கறை செடிமேல் தொடங்கவில்லை, அத்தையின் கண்மேல் தொடங்கியது.

அத்தை நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காட்டுக்குப் போனவர். பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், உளி ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்தில் காயம், ஒரு நூல் குறைந்தால் மங்கில் பால் இல்லை. அப்படிப்பட்ட கூர்மையான கண்களில் எழுபது வயதுக்கு மேல் திரை விழுந்தது. "கண்ணுல பூ விழுந்துடுச்சு" என்பார். டாக்டர் கண்புரை என்றார், இரண்டு கண்ணிலும். ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே அத்தை எழுந்து உள்ளே போய்விடுவார்.

எங்கள் வீடு வரிசை வீடு. முன்வாசல் சிமெண்டுத் தரை முடிந்ததும் இரண்டடி அகல மண், அதற்கடுத்து ஒன்றரை அடி ஆழக் கால்வாய். கால்வாய்க்கு அப்பால் வேலியோரத்தில் செம்பருத்தி. தினமும் காலை ஏழு மணிக்கு, வெளிச்சம் இன்னும் சரியாக வராத நேரத்தில், சாமிக்குப் பூப் பறிக்க அத்தை அங்கே போவார். குறுக்கே ஒரு கான்கிரீட் பலகை போட்டிருக்கிறோம். ஒருநாள் பலகைக்கு ஓரடி தள்ளிக் காலை வைத்தார். நல்ல வேளை, கணுக்கால் வீங்கியதோடு போயிற்று. அன்றிரவே என் கணவர் முன்கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கி வருவதாகச் சொன்னார். பூவை நான் பறித்துக் கொடுக்க வேண்டும், அத்தை உள்ளேயே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அத்தை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கட்டிப் போட நா என்னா மாடா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மூன்று நாட்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பூட்டு வாங்குவதற்கு முன் ஒரு மாதம் தவணை கேட்டேன். அந்த இரண்டடி மண்ணில், இதோ இங்கே தரை முடிகிறது என்று அத்தையின் கண்ணுக்குச் சத்தம் போட்டுச் சொல்லும்படி செடி நட முடியுமா என்பதுதான் என் கேள்வி.

நம் கண்ணுக்குப் பகல் வெளிச்சத்தில் மிக எளிதாகப் புலப்படும் நிறம் மஞ்சள் கலந்த பச்சைதான். வானவில்லில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட அந்த இடத்தில் கண்ணின் உணர்வு உச்சத்தில் இருக்கிறது. சாலை வேலை செய்கிறவர்களின் சட்டையில் அந்த நிறத்தை வைத்திருப்பதும் இதற்காகத்தான். ஆகவே சர்க்கரைவள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் அதன் துணையைப் பற்றித்தான். வெள்ளைச் சிமெண்டின் பக்கத்தில் வெளிர்மஞ்சள் தனியாக நின்றால், மதிய வெயிலில் நல்ல கண்ணுக்கே இரண்டும் ஒன்றாகக் கரையும்.

என் கண்ணை நம்பித் துணைச்செடியைத் தேர்ந்தெடுக்க நான் விரும்பவில்லை. பார்க்கப் போகிறவர் அத்தை. எனவே நட்டுவிட்டுக் காட்டாமல், காட்டிவிட்டு நடுவது என்று முடிவு செய்தேன். இது உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கக்கூடிய காரியம், காசு அதிகம் ஆகாது. சர்க்கரைவள்ளிச் சட்டி ஒன்றை மண்ணோரம் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நாளுக்கு ஒரு செடியாக மாற்றி மாற்றி வைத்தேன். சில நம் வீட்டில் இருந்தவை, சில அக்கம்பக்கத்தில் இரவல். காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், மாலை விளக்கு வைக்கிற நேரத்திலும் அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்பேன். "பரீட்சை வைக்கிறியா புள்ள?" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் நேரம் ஆனதும் நாற்காலிக்கு அவரே வந்துவிடுவார்.

முதலில் துலுக்கச் சாமந்தி. மஞ்சளுக்கு மஞ்சள் சேர்ந்தால் இரட்டிப்பாக ஒளிரும் என்று நினைப்போம். அத்தை, "எல்லாம் ஒரே குப்பலா தெரியுது" என்றார். வெள்ளை நித்தியகல்யாணி சிமெண்டோடு போய்ச் சேர்ந்துகொண்டது. குரோட்டன்ஸ் மலேசியாவில் எந்த வீட்டில்தான் இல்லை? சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பொட்டுப் பொட்டாக இருக்கும் அதன் இலை தனியாக நிற்கும்போது ராஜா. மஞ்சள் பச்சை இலையின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சண்டை போடும். அத்தைக்குக் கண் கலங்கியது. வெள்ளைக் கோடு போட்ட இலைகள் இன்னும் மோசம். அவற்றின் பக்கத்தில் நம் செடி நிஜமாகவே நோயாளியாகிவிடுகிறது. கண்புரை இல்லாதவர்களுக்கும் இதை உறுதியாகச் சொல்வேன்: மஞ்சள் பச்சைக்குத் துணை தேடும்போது பல நிற இலைகளை விட்டுவிடுங்கள். பேச ஒருவர் இருந்தால், கேட்க ஒருவர் வேண்டும்.

நான்காம் நாள் சங்குப்பூ. நீலத்தின் பக்கத்தில் எலுமிச்சை நிறம் எத்தனை அழகு தெரியுமா? எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இதுதான். கிளந்தானில் நாசி கெராபுவுக்கு நீலம் ஏற்றுகிறார்களே, அதே பூ. அத்தை நெடுநேரம் பார்த்தார். "கறுப்பா என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு. பூச்சியா?" என்றார். எனக்கு மனம் என்னவோ செய்தது. கண்ணின் வில்லை வயதாக ஆக மஞ்சளித்துப் பழுப்பேறி, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. அதனால் நீலமும் ஊதாவும் இருண்டு போகின்றன. நாம் நீலம் என்று காட்டுவது அவர்களுக்குக் கறுப்பு.

பிரெஞ்சு ஓவியர் கிளோட் மோனே இதே துன்பத்தை அனுபவித்தவர். ஜிவெர்னி என்ற ஊரில் தாமே தோட்டம் போட்டு, அல்லிக்குளம் வெட்டி, அதையே கடைசிக் காலம்வரை வரைந்தவர். 1912இல் அவருக்குக் கண்புரை என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு வரைந்த சில படங்களில் நீலமும் பச்சையும் மங்கி, சிவப்பும் பழுப்பும் ஏறியிருக்கும். அவரும் ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப் போட்டு, 1923இல்தான் ஒரு கண்ணுக்குச் செய்துகொண்டார். இந்தக் கதையை அத்தைக்குச் சொன்னேன். "அவரு பெரிய மனுசன், பயந்தா தப்பில்ல" என்று முடித்துவிட்டார்.

அடுத்து ஜென்ஜுவாங். கறுஞ்சிவப்பு இலையுள்ள வகையைத்தான் வைத்தேன். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிளிப்பச்சைக்கு அரக்கு பார்டர்!" என்றார்.

பாருங்கள், நான் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்! பட்டுச்சேலை நெய்கிறவன் எப்போதோ கண்டுபிடித்து வைத்த விஷயம் இது. கிளிப்பச்சை உடம்புக்கு மஞ்சள் கரை போடுவானா? அரக்கு, மாம்பழ மஞ்சளுக்குக் கருநீலம் என்று எடுப்பாகத்தானே போடுவான்? வாசகிகளே, செடி வாங்கப் போகும் முன் அலமாரியைத் திறந்து உங்கள் சேலைகளைப் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பொழுது சாயும்போது நம் கண்ணுக்கு முதலில் அணைந்து போகும் நிறம் சிவப்பு. பச்சை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். மாலை ஏழு மணிக்கு ஜென்ஜுவாங் கறுத்துவிட்டது, ஆனால் கறுத்ததே நல்லதாகப் போயிற்று. கறுப்புக்கு முன்னால் சர்க்கரைவள்ளி விளக்கேற்றியதுபோல் நின்றது. ஆகவே துணைச்செடியிடம் நாம் கேட்க வேண்டியது எந்த நிறம் என்பதைவிட, எத்தனை இருட்டு என்பதைத்தான். நிறம் நேரத்துக்கு நேரம் மாறும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கருந்துளசி வைக்கலாமே என்று ஓர் உறவினர் யோசனை சொன்னார். நிறம் பொருத்தமானதுதான். ஆனால் கால் படுகிற இடத்தில், அதுவும் கால்வாயோரத்தில் துளசியை நட நம் வீட்டில் யார் சம்மதிப்பார்கள்?

கடைசியில் ஜென்ஜுவாங்கையும், மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாகக் கத்திபோல் இலை நீட்டி நிற்குமே, ரோயோ என்பார்கள், அதையும் தேர்ந்தெடுத்தேன். இரண்டும் நிமிர்ந்து வளர்பவை. சர்க்கரைவள்ளிக்கு இந்தக் குணமுள்ள துணை அவசியம். அது ஒரு நாடோடி. விட்டால் கால்வாயின் மேலேயே பச்சைப் பாய் விரித்துவிடும். பார்க்கிறவருக்குத் தரைபோல் தெரியும், கால் வைத்தால் பள்ளம். உதவிக்கு வந்த செடியே ஆளைக் கவிழ்க்கும். எனவே சிமெண்டை ஒட்டி சர்க்கரைவள்ளி, அதற்குப் பின்னால் கால்வாயோரம் நெருக்கமாக ஜென்ஜுவாங்கும் ரோயோவும் சுவர்போல். கான்கிரீட் பலகை இருக்கும் இடத்தில் மட்டும் செடியே இல்லாத இடைவெளி. வெள்ளைத் தரை, மஞ்சள் பட்டை, இருண்ட பட்டை. இடைவெளி தெரிகிற இடம்தான் வழி.

ஊதா இலைப் பூண்டு ஒன்று இருக்கிறது, தண்டும் இலையும் முழுக்க ஊதா. வெயிலில் அருமையான நிறம். ஆனால் அதுவும் படர்கிற சாதி. இரண்டு நாடோடிகளை ஒரே பாத்தியில் விட்டால் யார் யாரை அமுக்குவது என்ற போட்டிதான் நடக்கும், அதனால் விட்டுவிட்டேன். சட்டியில் தொங்கவிடுகிறவர்கள் தாராளமாக வைக்கலாம்.

துணை என்றால் பசி தாகமும் ஒத்துப்போக வேண்டும். இவை மூன்றுக்கும் வெயில் பிடிக்கும், தண்ணீர் தேங்கினால் பிடிக்காது. அன்னாசி இனத்து அழகுச் செடிகளையும் யாரோ கொடுத்தார்கள். இலைக் குருத்தில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டெங்கி இருக்கிற நாட்டில் இதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். உரத்தில் கஞ்சத்தனம் நல்லது. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் சர்க்கரைவள்ளி கொழுத்துப் படரும், இலையில் பச்சையும் ஏறிவிடும். நமக்கு வேண்டியது அதன் மஞ்சள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபுறமும் கத்தரிக்கோல் போட்டே தீர வேண்டும். ரோயோவின் சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இலையில் சல்லடைபோல் ஓட்டை விழுந்தால் பொன்வண்டு போன்ற சின்ன வண்டின் வேலை. காலையில் கையால் பொறுக்கி எடுத்தால் போதும். கொடியின் அடித்தண்டு வீங்கி வெடித்தால் கிழங்குக் கூன்வண்டு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செடியைக் கிழங்கோடு பிடுங்கி எறிந்துவிட்டு, நல்ல கொடியிலிருந்து புதிதாகக் கிள்ளி நட வேண்டும்.

ஒரு மாதத் தவணை முடிவதற்குள் பாத்தி நிரம்பவில்லை. என் கணவர் நினைவூட்டினார். இரண்டாவது மாதம் நிரம்பியது. அத்தை முதல் சில நாட்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு போனார், பிறகு கையை எடுத்துவிட்டார். மஞ்சள் பட்டைக்கு முன் ஒரு நொடி நின்று, இடைவெளியைக் கண்ணால் தேடி, பலகையில் காலை வைத்துப் போவார். பூட்டு வாங்கவில்லை. அந்த ஒரு நொடி நிற்பதை ஜன்னலிலிருந்து நான் தினமும் பார்ப்பேன், அத்தைக்குத் தெரியாது.

செடி கண்ணைக் குணப்படுத்துமா? படுத்தாது. திரை தடித்துக்கொண்டே வந்தது. 2022 தொடக்கத்தில் ஒருநாள் அத்தை பாத்திக்கு முன் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். பூக்கூடை காலி. "மஞ்சளு தெரியல புள்ள" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவரே, "அந்த டாக்டருகிட்ட எப்பப் போறோம்?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு ஆண்டுகள் சொல்லியும் கேட்காதவர் ஓர் இலைக்காகக் கேட்டார்.

ஆபரேஷன் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழுத்த வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தார்கள். மோனே காலத்தில் இந்த வசதி கிடையாது. 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர்தான் முதன்முதலில் வைத்துப் பார்த்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துணுக்குகள் கண்ணை உறுத்தாமல் கிடந்ததைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது.

மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். நாங்கள் என்னென்னவோ எதிர்பார்த்தோம். அவர் முதலில் சொன்னது, சுவரில் இத்தனை அழுக்கா என்று. இரண்டாவது, சர்க்கரைவள்ளி இலையெல்லாம் ஓட்டை, வண்டு பொறுக்குவதே இல்லையா என்று. ஜென்ஜுவாங்கைப் பார்த்து, "அரக்குன்னு நெனச்சேன், இது மாதுள நெறமுல்ல!" என்றார். பிறகு வேலிப்பக்கம் திரும்பினார். பரீட்சைக்கு வைத்த சங்குப்பூவை அங்கே ஓரமாக ஊன்றியிருந்தேன், அது ஏறிப் பூத்திருந்தது. கிட்டப் போய், தொட்டு, ஒரு பூவைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதையா நா பூச்சின்னு சொன்னேன்?"

இப்போது அத்தைக்கும் எனக்கும் வழக்கு. சங்குப்பூவை முன்னால் கொண்டுவந்து சர்க்கரைவள்ளியின் பக்கத்தில் நட வேண்டும் என்பது அவர் கட்சி. இரண்டும் கொடி, ஒன்றை ஒன்று பின்னி அமுக்கிவிடும் என்பது என் கட்சி. நடுவில் ஒரு மூங்கில் கம்பு நட்டு, சங்கை மேலே ஏற்றி, வள்ளியைக் கீழே படர விடுவது என்று சமாதானம் ஆகியிருக்கிறது. விதையின் தோல் கடினம் என்பதால் இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்திருக்கிறோம். கம்பு எந்த இடத்தில் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.